யோகமலருக்கு இரண்டு பிள்ளைகள்

யோகமலரை நினைத்தால் முதலில் ஒரு வெள்ளை விரிப்புத்தான் கண்முன் வருகிறது. அதன் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி இரண்டு கைகள். விரிப்பு மடிந்து தாழும்போது பின்னால் மெல்ல அவள் முகம் தெரியும். அடுத்த விரிப்பு வந்ததும் மறைந்துவிடும். விடியலிலிருந்து பின்னேரம் வரை இப்படித் தோன்றியும் மறைந்தும் இருந்த ஒருத்தியோடு வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, அவள் சொன்னதெல்லாம் அரைத் தூக்கத்தில் கேட்டதுபோல எனக்குள் மிதந்துகொண்டே இருக்கிறது.

கனடாவில், ஸ்காபரோவின் வோர்டன் வீதிப் பக்கமாக ஒரு லோண்டரி. நகரத்து ஹோட்டல்களின் விரிப்புகளெல்லாம் அங்கேதான் வரும். தோய்த்து, ஒரு பெரிய உருளை இயந்திரத்துக்குள் விட்டால் மறுபக்கம் சூடாக வெளியே வரும். இரண்டு பேர் நின்று மூலைகளைப் பிடித்து மடிக்க வேண்டும். ஜன்னலெல்லாம் நீராவி படிந்து, வெளியே பனியா வெயிலா என்றே தெரியாது. யார் யாரோ கண்ட கனவுகளைத் தோய்த்து மடிக்கிறோம் என்று யோகமலர் ஒருநாள் சொன்னாள். சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கத் தெரியாதவர்களுக்கு இப்படியெல்லாம் சொல்ல வரும் என்று நான் அவளைச் சீண்டினேன்.

என் பெயர் பேபி. வீட்டில் கடைக்குட்டி என்று வைத்த பெயர், தலை நரைத்த பிறகும் விட்டுப் போகவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் யோகமலர் எங்களுக்கு நேர் மேல் வீடு. அவள் நடந்தால் எனக்குக் கேட்கும். அவள் நடக்காமல் நின்றாலும் எனக்குத் தெரியும்.

சாவகச்சேரிக்காரி. கணவர் இராஜரட்ணம் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர், இங்கே உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். பேச்சுக் குறைவு. யோகமலரின் அக்கா பிள்ளை பெற்ற கையோடு காய்ச்சலில் போய்விட்டாள். யோகமலர் அப்போது தன் மகள் சுபாங்கிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் குழந்தையையும் தூக்கி மற்றப் பக்கம் போட்டுக்கொண்டாள். அதுதான் தனுஷிகா. லொறி ஓட்டிய தகப்பனும் சில வருடத்தில் விபத்தில் செத்துப்போனான். ஒளித்து வைத்த கதை எதுவும் இல்லை. ஊருக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவள் யோகமலரை அம்மா என்றாள். வேறு யாரை அப்படிக் கூப்பிடுவது?

எண்பத்தொன்பதில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரன் கொண்டு வந்த பாஸ்போர்ட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது. தனுஷிகாவுக்கு உடம்பு முழுக்கக் கொப்பளிப்பான் அம்மை. அந்தக் கோலத்தில் எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்? இராஜரட்ணத்தின் தங்கையிடம் விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். ஆறு மாதம் என்பது எங்கள் ஆட்கள் எல்லாரும் சொன்ன பொய். சொல்லும்போது யாருக்கும் அது பொய்யாகத் தெரியவில்லை.

இங்கே வதிவிட உரிமைக்கு எழுதிக் கொடுக்கையில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். இரண்டு என்றாள். யோசிக்கக்கூட இல்லை. வீட்டில் இரண்டு பாய், இரண்டு சீப்பு, இரண்டு பள்ளிச் சட்டை. கேள்வி கேட்டவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் பிளாசாவில் மரக்கறி வாங்கும் எங்கள் சனம் வேறு விதமாகப் பேசியது. சொந்த வயிற்றுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாளாம், அக்காவின் பிள்ளையைச் சண்டைக்குள் விட்டுவிட்டாளாம். கோயில் மண்டபத்தில் அவள் காதுபட ஒருத்தி சொன்னாள். நான் அந்த மனுசிக்கு நல்லாகக் கொடுத்தேன். ஆனால் யோகமலர் அதற்குப் பிறகு கோயிலுக்கே போகவில்லை. கொப்பளிப்பான் வந்தது சுபாங்கிக்கு என்றால் யாரை விட்டிருப்பாய் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும், மேல் வீட்டில் நடை நின்றுவிடும்.

கிளடிஸ் எங்கள் லோண்டரிக்கு வந்தது தொண்ணூற்று நாலில். எங்களைவிட வயது கூடிய பெண், பெரிய உடம்பு, முதுகில் நீண்ட ஒற்றைப் பின்னல், இடைவேளை முழுக்க சிகரெட். முகத்தைப் பார்த்து நாங்கள் பிலிப்பினோ என்று முடிவு கட்டிவிட்டோம். எங்கள் ஆட்களுக்கு ஒரு மனிசரைக் கண்டால் எவடம் என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது. நான்தான் கேட்டேன். ஒரு தீவு என்றார். தீவென்றதும் எங்களுக்குச் சந்தோஷம், புளுகம், எங்களைப்போலத் தீவிலிருந்து வந்த அகதியாக்கும் என்று. எப்போது வந்தீர்கள் என்றேன். கிளடிஸ் புகையை விட்டுவிட்டு, தான் எங்கிருந்தும் வரவில்லை, தீவு ஹியூரன் ஏரியில் இருக்கிறது என்றார். கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் அசல் இந்த நாட்டுக்காரர், பூர்வகுடி ஒருவரோடு நான் முதன்முதல் கதைத்தது அன்றைக்குத்தான்.

அவரை யோகமலரோடு மடிக்க விட்டார்கள். இரண்டு பேருக்கும் பேச்சு அதிகம் இல்லை. விரிப்பு மேலே எழும், தாழும். அந்த நீராவிக்குள் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் ஒரு ஏரியின் இரண்டு கரையில் நின்று தண்ணீரை மடிப்பதுபோல இருக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் யோகமலர் தனுஷிகாவின் படத்தை எடுத்துக் காட்டினாள். எனக்குத்தான் கொஞ்சம் இங்கிலீஷ் ஓடும் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில். அக்காவின் மகள் என்று நான் விளங்கப்படுத்தினேன். கிளடிஸ் முகத்தைச் சுளித்தார்.

"அக்காவின் மகள் என்றால் இவளுடைய மகள்தானே. ஏன் சுற்றி வளைக்கிறாய்?" என்றார்.

நான் யோகமலருக்குச் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டி நின்றது.

"உவவைக் கேளுங்கோ பேபியக்கா, தாயின்ரை சகோதரியின்ரை பிள்ளையள் உவவுக்கு என்ன முறை?" என்றாள், கிளடிஸைக் காட்டி.

சகோதரங்கள் என்றார் கிளடிஸ். வேறென்ன?

"தாய்மாமன்ரை பிள்ளையள்?"

கிளடிஸ் முதல்முறையாகச் சிரித்தார். அது வேறு, அவர்களோடு பகிடி விடலாம். எவ்வளவு மோசமான பகிடியும் விடலாம், கோபிக்கக்கூடாது. பழைய காலத்தில் அவர்களைத்தான் கட்டுவார்கள் என்றார்.

யோகமலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேபியக்கா, உவ மச்சாள் முறையைச் சொல்லுறா. உது எங்கடை கணக்கு."

இரண்டு சமுத்திரத்துக்கு அப்பால் இருக்கும் சனத்துக்கும் எங்களுக்கும் எப்படி ஒரே கணக்கு வந்தது என்று படித்தவர்களைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டு, அதற்கு ஒரு விளக்கம் வந்து, அந்த மத்தியானம் கெட்டுப்போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு யோகமலர் தன் ஒன்றுவிட்ட மச்சான்மாரின் கதைகளையெல்லாம் சொன்னாள். கிளடிஸ் தன்னுடையதைச் சொன்னார். நான் நடுவில் இருந்து இரண்டு பக்கத்துச் சிரிப்பையும் சுமந்தேன். பிறகு வேலைக்குத் திரும்பியபோது விரிப்புகள் வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியதுபோல ஒரு நினைவு. இயந்திரம் மெதுவாக ஓடாது, எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைவு.

இந்த நாட்டுச் சட்டங்களின் கதையைக் கிளடிஸிடமிருந்துதான் நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கினேன். மிச்சத்தை எங்கள் ஆட்களின் விசா அலுவல் பார்க்கும் லோயர் சொன்னார். முதல் உலகப் போர் வந்த வருடம் வன்கூவரில் ஒரு கப்பல் நிறைய வந்த இந்தியர்களை அப்படியே திருப்பி அனுப்பினார்களாம். பிறகு ஐம்பதுகளில் கொஞ்சம் மனம் இரங்கி, இலங்கையிலிருந்து வருடத்துக்கு ஐம்பது பேர் வரலாம் என்றார்களாம். ஐம்பது பேர். எங்கள் கட்டடத்தில் ஒரு பிறந்தநாளுக்கே அதைவிடக் கூட வரும். அறுபதுகளின் கடைசியில்தான் நிறம் பார்க்காமல் புள்ளி போட்டு எடுக்கத் தொடங்கினார்கள்.

அப்படி எங்களுக்கு யார் உள்ளே வரலாம் என்று எழுதியவர்கள், உள்ளேயே இருந்தவர்களுக்கு யார் யார் என்று எழுதினார்கள். கிளடிஸின் சனத்தில் ஒரு ஆண் வெள்ளைக்காரியைக் கட்டினால் அவளுக்கும் பூர்வகுடி உரிமை வந்துவிடும். பெண் வெளியாளைக் கட்டினால் அவளுக்கு இருந்ததும் போய்விடும். கிளடிஸ் வெளியாளான ஒரு தச்சனைக் காதலித்துக் கட்டினார். கட்டிய நாளிலிருந்து சட்டப்படி அவர் தன் சனத்தில் ஒருத்தி இல்லை. தாயின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் வரலாம், குடியிருக்க முடியாது. முகம் அதே முகம், பேச்சு அதே பேச்சு. எனக்கு இதைக் கேட்கும்போது கோபம் வந்தது. கிளடிஸ் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

தொண்ணூற்று ஆறில் சாவகச்சேரியும் இலங்கை ஆமியின் கைக்குப் போனது. தனுஷிகா மாமியோடு எப்படியோ கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். அவளுடைய விசா அலுவல் நடந்துகொண்டிருந்தது. தாய் மகள் என்பதை உறுதிப்படுத்த மரபணுப் பரிசோதனை செய்யலாமே என்று தூதரகத்திலிருந்து கேட்டார்கள். இங்கே யோகமலரிடம் இரத்தம் எடுப்பார்கள், அங்கே தனுஷிகாவிடம்.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். யோகமலர் சந்தோஷமாகப் போனாள். "என்ரை அக்காவின்ரை இரத்தமும் என்ரை இரத்தமும் ஒண்டுதானே. நான் குடுத்த பாலிலை வளந்த உடம்பு. அது சொல்லாதோ?" என்றாள். சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டிக்கொண்டு அவள் இருந்த இருப்பைப் பார்த்து, எனக்குப் படித்த புத்தி கொஞ்சம் இருந்தும், சொல்லும் என்றே நானும் நம்பினேன். முட்டாள்தனம்தான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

இரத்தம் சொல்லவில்லை. இவர் தாய் அல்ல என்று முடிவு வந்தது. விசா மறுக்கப்பட்டது.

லோயர் ஒரு வழி சொன்னார். பத்தொன்பது வயதுக்குள், கலியாணம் ஆகாத, தாய் தகப்பன் இல்லாத சகோதரங்களின் பிள்ளைகளை, மருமகளையும் பெறாமகளையும், கூப்பிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதலிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் பிள்ளை எப்போதோ வந்திருக்கும். இப்போதும் செய்யலாம். தனுஷிகா தன் மகள் அல்ல, அவள் ஒரு அனாதை என்று யோகமலர் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும். கொழும்பு நேர்காணலில் பிள்ளையும் அப்படியே சொல்ல வேண்டும். அடுத்த கார்த்திகையில் அவளுக்குப் பத்தொன்பது. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

யோகமலர் எழும்பி வந்துவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது நான் ஏசினேன். ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளையை விடுவாளோ ஒருத்தி?

"நான் உயிரோடை இருக்க அவள் எப்பிடி அனாதை, பேபியக்கா?"

"கடதாசிக்குத்தானே சொல்லுறம்."

"கடதாசிக்கு இல்லை. அவளை நான் விட்டுட்டு வந்தது உண்மை எண்டு நானே எழுதிக் குடுக்கிறது உது. சனம் சொன்னது சரி எண்டு கையெழுத்து."

 

மாதங்கள் போயின. அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் எல்லாம் வெள்ளையாகவே வருகிறது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை, உள்ளே வெள்ளை, யோகமலரின் முகமும் வெளுத்துப்போய். விரிப்பு இறங்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் பிள்ளை நிற்பதுபோல இருக்கிறதாம், பள்ளிச் சட்டையோடு, பத்து வயதில், உடம்பெல்லாம் கொப்பளங்களோடு. வளர்ந்த முகத்தை அவளால் நினைக்க முடியவில்லை. கொழும்பில் லொட்ஜைச் சுற்றி வளைத்து, தனுஷிகாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டது. அதைக் கேட்ட பிறகும் அவள் கையெழுத்து வைக்கவில்லை. மேல் வீட்டில் நடை நின்றபடியே இருந்தது.

நான் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கிளடிஸிடம் கொட்டினேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கிளடிஸ் தன் பக்கத்து மூலைகளைக் கைவிட்டார். விரிப்பு யோகமலரின் பக்கம் தொங்கி நிலத்தில் விழுந்தது. அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை.

அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். எண்பத்தைந்தில் சட்டத்தை மாற்றினார்களாம். உரிமை இழந்த பெண்கள் விண்ணப்பித்தால் திரும்பத் தருவோம் என்றார்களாம். கிளடிஸ் விண்ணப்பிக்கவில்லை. என் தாய்க்கு நான் மகளா என்று அவர்களிடம் ஏன் கேட்க வேண்டும் என்று இருந்தாராம். தாய்க்கு வயது போய்விட்டது. வந்து என்னோடு இரு, தனியாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினாராம். எந்தக் கடதாசியும் நிரப்பாமல் போவேன் என்று கிளடிஸ் பிடிவாதமாக இருந்தாராம். தொண்ணூற்றிரண்டில் தாய் தனியாகவே செத்துப்போனார். வீடும் வேறு யாருக்கோ போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கிளடிஸ் கையெழுத்து வைத்தார்.

"நான் செய்தது பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை," என்றார் கிளடிஸ். "சரியாகத்தான் இருந்தேன். ஏழு வருடம் சரியாக இருந்தேன். அம்மா அந்த ஏழு வருடமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா."

சொல்லிவிட்டு வெளியே போனார், புகைக்க. ஆறுதல் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. யோகமலர் விழுந்த விரிப்பை எடுத்து, தனியாக, மூலையோடு மூலை சேர்த்து மடித்தாள். ஒரு ஆள் மடிக்கும் விரிப்பு எப்படியும் கோணலாகத்தான் வரும். அந்தக் கிழமையே லோயரிடம் போய்க் கையெழுத்து வைத்தாள்.

பிறகு தொலைபேசியில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். "இண்டையிலிருந்து நான் உனக்குச் சின்னம்மா. ஆர் கேட்டாலும் அப்பிடித்தான். ரெலிபோனிலையும் அப்பிடித்தான் சொல்ல வேணும், ஆர் கேக்கிறாங்களோ தெரியாது. இஞ்சை வந்து சேருமட்டும் மாத்தக் கூடாது, என்ன?"  "ஓம், சின்னம்மா" என்றது மறுபக்கம். யோகமலர் ரிசீவரை வைத்துவிட்டு, கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்ப எடுத்துக் கழுவினாள்.

பிள்ளை கெட்டிக்காரி. சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு வரும், சின்னம்மா சுகமோ, சின்னம்மா சாப்பிட்டாச்சோ. நேர்காணலில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பதில் சொன்னாளாம். விசா கிடைத்தது. தொண்ணூற்றேழு ஆவணியில் வந்து இறங்கினாள், கார்த்திகைக்கு முன்னால்.

பியர்சன் விமான நிலையத்துக்கு என் மனிசன் ஓட்டிய வான் வண்டியில் போனோம். இராஜரட்ணத்துக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. வேலையிலிருந்து நேரே வந்த கிளடிஸ், சாம்பல் நிறச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக எங்களோடு நின்றார். சுபாங்கிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அம்மா, she won't even know me," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கண்ணாடிக் கதவு திறக்கும், யாராவது வருவார்கள், மூடும். திரும்பத் திறக்கும். யோகமலர் ஒவ்வொரு முறையும் ஒரு அடி முன்னால் வைத்துப் பின்னால் எடுத்தாள். கடைசியில் வந்தவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒல்லியான, உயரமான ஒரு இளம்பெண். எங்களைப் பார்த்தாள். கிளடிஸைப் பார்த்தாள். நடையைத் தளர்த்தி, இரண்டடி தள்ளி நின்றாள்.

"சுகமோ, சின்னம்மா," என்றாள்.

யோகமலர் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையால் பிள்ளையின் பையை வாங்கிக்கொண்டாள்.  கடதாசி வென்றுவிட்டது என்றே நினைத்தேன். ஒரு பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பழகினால் அது உண்மையாகிவிடும் என்று யாருக்குத் தெரியாது?

வான் வண்டியில் கிளடிஸ் முன்னால் ஏறினார். பின்னால் நாங்கள்.  நெடுஞ்சாலை பின்னேர வெளிச்சத்தில் மிதந்துகொண்டு போனது. தனுஷிகா முன் ஆசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே குனிந்தாள்.

"அன்ரி, உந்த ஒப்பிசர் எவடத்திலை இறங்குவா?"

"எந்த ஒப்பிசர்?"

"முன்னுக்கு இருக்கிறவ. கவுண்மேந்து ஆள்தானே? வீடு மட்டும் வந்து பாப்பினமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாம்பல் சட்டை, அட்டை, அந்த இறுகின முகம். பிள்ளை இவ்வளவு நேரமும் கிளடிஸுக்குப் பயந்துகொண்டு வந்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் யோகமலர் முந்திவிட்டாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"உவ கவுண்மேந்து இல்லையம்மா," என்றாள். "உவவும் நானும் ஒண்டா வேலை செய்யிறம். உவ உனக்குப் பெரியம்மா."

தனுஷிகா தாயைப் பார்த்தாள். கிளடிஸின் பின்னலைப் பார்த்தாள். திரும்பத் தாயைப் பார்த்தாள்.

"அப்ப உவவுக்கு முன்னாலை சொல்லலாமோ?"

"ஓம்."

"இனி ஆரும் கேக்க மாட்டினமோ?"

"மாட்டினம்."

  அவள் மெதுவாகச் சரிந்து யோகமலரின் தோளில் தலையை வைத்தாள்.

"அம்மா," என்றாள். "எனக்குப் பசிக்குது."

கிளடிஸ் திரும்பி, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை, அழுகைதான் வந்தது. யோகமலர்தான் சொன்னாள், தன்னிடம் இருந்த கொஞ்ச இங்கிலீஷைக் கூட்டிச் சேர்த்து, சத்தமாக, என் மகளுக்குப் பசிக்கிறதாம் என்று.